டிரவுட் கிராணி

படிவத்தில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் கார்த்திகேசுவுக்குச் சோறு இறங்காது. சுழிபுரத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்து, கோலாலம்பூர் ரயில்வேயில் இருபத்திரண்டு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தவர். புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவர் முதல் நாளே சொல்லும் புத்தி ஒன்று உண்டு: "இருக்கிறதை எழுது. இல்லாட்டி 'இல்லை' எண்டு எழுது. ஒண்டும் எழுதாமல் விட்டால் நீ எதையோ ஒளிக்கிறாய் எண்டு மேலை இருக்கிறவன் நினைப்பான்."

ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருடம் ஆகப் போகிற நேரம். 1943ஆம் ஆண்டு ஜூன் மாதம். பகுதிக்குப் புதிதாக வந்த ஹிரானோ என்ற அதிகாரி எல்லாக் கிராணிகளுக்கும் ஒரு படிவம் கொடுத்தான். பெயர், வயது, பிறந்த ஊர், தெரிந்த பாஷை என்று போய், கடைசியில் 'வேறு திறமைகள்' என்று ஒரு கட்டம். மற்றவர்கள் கோடு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கார்த்திகேசு மட்டும் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். 'இல்லை' என்று எழுதவும் கை வரவில்லை. காரணம், தலைமைக் கிராணி ராதாகிருஷ்ணன் மத்தியானம்தான் காதோடு காதாகச் சொல்லியிருந்தார்: "ஒரு திறமையும் இல்லாத ஆளுங்கதான் மொத லிஸ்டு. சியாமுக்கு."

சியாமில் ஜப்பான்காரன் காட்டை வெட்டிப் போடும் ரயில் பாதை என்றால் என்ன என்று அந்தக் கட்டடத்தில் கார்த்திகேசுவைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. வடக்கே போகும் வண்டிகளின் கணக்கைத் தட்டச்சு அடிப்பது அவர்தான். போகும்போது பெட்டிக்கு முப்பது, முப்பத்தைந்து ஆள். திரும்பி வரும்போது வெறும் பெட்டி.

பழைய துரை மெக்கின்டயர் நினைவுக்கு வந்தார். ஸ்காட்லாந்துக்காரர். மாதம் ஒரு தடவை தன் ஊர் மீன்பிடி சங்கத்துக்கு நீளநீளமாகக் கடிதம் எழுதுவார். எல்லாம் டிரவுட் என்ற மலையாற்று மீனைப் பற்றி. எந்தப் பருவத்தில் என்ன இரை, எந்த வெயிலில் எந்த ஆழம், எந்தப் பூச்சிக்கு எந்தப் பறவையின் இறகு. அத்தனையையும் கார்பன் வைத்துத் தட்டச்சு அடித்தவர் கார்த்திகேசு. சுமார் முந்நூறு பக்கம் இருக்கும். அந்த மீனை அவர் உயிரோடும் பார்த்ததில்லை, செத்தும் பார்த்ததில்லை. சுத்த சைவம். கருவாடு வறுக்கும் வாசம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தாலே மனைவி நேசம்மா சன்னலைச் சாத்திவிடுவாள்.

இருந்தும் அந்தக் கட்டத்தில், மணிமணியான எழுத்தில், இங்கிலீஷில் எழுதினார்: 'டிரவுட் மீன் பிடித்தல். இரை தேர்வதில் அனுபவம் உண்டு.'

மூன்றாம் நாள் ஹிரானோ கூப்பிட்டனுப்பினான். மேசையில் அவருடைய படிவம் தனியாகக் கிடந்தது. அவன் ஒரு காகிதத்தில் மீன் ஒன்றை வரைந்தான். உடம்பெல்லாம் புள்ளி வைத்தான். நல்ல கை.

"யூ? திஸ்?"

"யெஸ் சேர்."

"மை ஹோம். மவுண்டன் ரிவர்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். முகம் குழந்தை முகமாக மாறிப்போனது. பிறகு பழையபடி ஆனது. "சண்டே. கோம்பாக். யூ கம்."

வெளியே வந்ததும் ராதாகிருஷ்ணன் அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். "என்ன மாயம் பண்ணீங்க லா? லிஸ்டுல ஆறாவது பேரு உங்களது. நேத்து அவரே கோடு போட்டு அடிச்சிட்டாரு."

"அடிச்சிட்டாரே! முருகா!"

"கையெடுத்துக் கும்பிடாதீங்க. பென்சில்ல அடிச்சிருக்காரு."

அன்றைக்கு பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில், அவித்த மரவள்ளிக் கிழங்கை முன்னால் வைத்துக்கொண்டு நேசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கென்ன விசரே? மீன் பிடிக்கத் தெரியுமெண்டு ஆர் உங்களை எழுதச் சொன்னது? தேவாரம் பாடத் தெரியுமெண்டு எழுதியிருக்கலாமே, அதாவது உண்மை."

"தேவாரத்துக்கு அவன் என்னை வச்சிருப்பானே, நேசம்?"

"மீனுக்கு வச்சிருப்பானோ? ஆத்தங்கரையிலை வச்சுக் கழுத்தை வெட்டினாலும் வெட்டுவான்."

எழுதினது எழுதினதுதான். இனி மீன் அகப்பட வேண்டும், இல்லாவிட்டால் பெயரின் மேல் கிடக்கும் கோட்டை அழிக்க ஒரு ரப்பர் போதும்.

முதல் ஞாயிறு கேவலமாக முடிந்தது. நேசம்மாவின் அகப்பைக் காம்பால் வாழைமரத்தடியைத் தோண்டி மண்புழு எடுத்துக்கொண்டு போனார். மெக்கின்டயர் துரை, தண்ணீர் கலங்கலாக இருந்தால் மண்புழு நல்லது என்று எழுதியிருந்தார். கோம்பாக் ஆறோ அன்று கண்ணாடி. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். மூன்று துண்டாகப் பிரிந்து பொருந்தும் மூங்கில் கோலை ஹிரானோ அவர் கையில் கொடுத்தான். இந்த ஊர் இரையை முதலில் பார்க்க வேண்டும், பூச்சி போல இறகு கட்டிய தன் முள்ளை அப்புறம் எடுப்பேன் என்று சைகை செய்தான். நெளிகிற புழுவை முள்ளில் கோர்க்கும்போது கார்த்திகேசுவின் வாய் 'சிவ சிவ' என்று ஓய்வில்லாமல் முணுமுணுத்தது. இரண்டு புழு கீழே விழுந்தது. மூன்றாவது அவர் விரலில் ஏறியது. பாறையில் சப்பாத்துக் காலோடு தடதடவென்று நடந்தார். தண்ணீரில் அவர் நிழல் ஆலமரம் போல விழுந்து கிடந்தது.

மதியம் வரை விரல் நீளத்தில் ஒரே ஒரு பொடிமீன். ஹிரானோ அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஆற்றில் விட்டான். பிறகு கார்த்திகேசுவைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவன் யோசித்தான். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான்.

"டூ வீக்."

குவாட்டர்ஸின் பின்பக்கம் கிள்ளான் ஆறு ஓடுகிறது. கரையை ஒட்டித் தண்டவாளக் கூலிகளின் லயம் என்ற வரிசை வீடுகள். அங்கே நல்லம்மாள் என்ற பெண் மாலை நேரங்களில் மூங்கில் கம்போடு நிற்பதை அவர் எத்தனையோ நாள் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். முப்பது வயது இருக்கும். தண்டவாளத்தில் புல் பிடுங்கும் வேலை. அவள் புருஷன் பக்கிரிசாமியை மே மாதம் கும்பலோடு லோரியில் ஏற்றிச் சியாமுக்கு அனுப்பியாயிற்று. பிள்ளை குட்டி இல்லை. ரேஷன் அரிசி அரைப்படி; மீதி வயிற்றுக்கு ஆற்று மீன்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கார்த்திகேசு லயத்துப் பக்கம் இறங்கி வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் வைக்க இடம் தேடித் தேடி.

"நல்லம்மா, உம்மட்டை ஒரு விஷயம் கேக்க வேணும். டிரவுட் மீனுக்கு என்ன இரை?"

"என்னா மீனு?"

"டிரவுட்."

"தோலு மீனாய்யா, செதிலு மீனா?"

"செதில் இருக்கும். புள்ளி புள்ளியா இருக்குமெண்டு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கா! அப்ப பாத்ததில்லையா?" அவள் கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கி, அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி சிரித்தாள். "சாமி, பத்து வருசமா மேல ரோட்டுல போறப்பவே மூக்கப் பொத்திக்கிட்டுப் போவீங்க. இப்ப மீனு வாத்தியாரா?"

"சிரிக்காதையும். என்னைச் சியாமுக்கு அனுப்பப் போறாங்கள்."

அவள் சிரிப்பு நின்றது. கம்பைக் கரையில் சாய்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். படிவம், துரையின் கடிதம், மண்புழு, இரண்டு விரல்.

"கோம்பாக்குலயா? எங்கப்பன் அங்கதான் ரப்பர் எஸ்டேட்டுல பால்மரம் வெட்டுனாரு. அந்தத் தண்ணியில கெலா மீனுதான்யா ராசா. சப்பானுக்கு டிரவுட் எதுக்கு, கெலாவப் பாத்தா டிரவுட்ட மறந்துருவான். சரி, நீங்க நின்ன எடத்துல ஆத்தோரமா என்னா மரம் நிக்குது?"

"மரமோ? மரத்தை ஆர் பார்த்தது?"

"அத்தான பாக்கணும்! மரம் போடுறத மீனு திங்குது. அத்தி மரம் நின்னா அத்திப்பழம். காயில்ல, செவந்த பழம். முள்ள உள்ள மறச்சிருங்க. மொதல்ல முள்ளு இல்லாம ஏழெட்டுப் பழத்த ஒண்ணொண்ணாப் போடுங்க. எறியாதீங்க. மரத்துலேருந்து விழுந்த மாதிரி 'டுப்'புனு விழணும். மீனு வந்து தின்னு ருசி பாக்கட்டும். அப்பறம்தான் முள்ளு. சப்பாத்தக் கழட்டுங்க. உக்காந்து போடுங்க, நெழலு விழக்கூடாது."

"நிழல்! அதைத் துரையும் எழுதியிருக்கிறார்," என்றார் கார்த்திகேசு. முந்நூறு பக்கத்தில் ஒரு வரியாவது இந்த ஊரில் செல்லுபடியானதில் அவருக்கு ஒரு நிம்மதி.

"அப்ப தொர நல்ல ஆளுதான்." நல்லம்மாள் எழுந்தாள். "எனக்கு ஒண்ணு செய்யணும்யா. நீங்க காகிதத்துல வேல பாக்குறவங்க. எங்க வீட்டுக்காரரு பேரு எதுலயாவது வந்தா சொல்லணும். எந்த ஊருல இருக்காரு, எந்தக் கேம்புல இருக்காரு, அம்புட்டுதான்."

சொல்கிறேன் என்றார். எந்தக் காகிதத்திலும் ஆள் பெயர் வராது, எண்ணிக்கைதான் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் தடவை போனபோது, மடுவின் மேல் சாய்ந்து நின்ற அத்தி மரத்தைக் கண்டுபிடித்தார். சப்பாத்தைக் கழற்றினார். பழத்தை 'டுப்'பென்று போட்டார். ஐந்தாவது பழத்துக்குத் தண்ணீர் சுழித்தது. ஏழாவதற்கு ஒரு பொன்னிற முதுகு திரும்பியது. கோலை ஹிரானோவிடம் நீட்டினார். கால் மணி நேரம் அவனும் மீனும் மல்லுக்கட்டினார்கள். கரைக்கு வந்தது ஒரு முழத்துக்கு மேல். செதில் ஒவ்வொன்றும் வெண்கலக் காசு மாதிரி. ஹிரானோ அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்ததாகக் கார்த்திகேசு பிற்பாடு நேசம்மாவிடம் சொன்னார். அவள் நம்பவில்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் கோம்பாக். சனிக்கிழமை வேலை விட்டதும் ஆற்றங்கரைக்குப் போய் நல்லம்மாளிடம் பாடம். மழை பெய்து தண்ணீர் செம்மண்ணாக ஓடினால் அவித்த மரவள்ளியைப் பிசைந்து உருட்டு; பிசையும்போது கையில் சவர்க்கார வாடை இருக்கக் கூடாது. வெயில் என்றால் வெட்டுக்கிளி. முதுகில் குத்து, வயிற்றில் குத்தாதே, உயிரோடு உதைக்கட்டும். அத்தி ஓய்ந்தால் செம்பனைப் பழம். கிடைத்த மீனில் ஒன்றை ஹிரானோ அவருக்குக் கொடுத்துவிடுவான். 'வேண்டாம், நான் சைவம்' என்று மீன்பிடி மாஸ்டர் எப்படிச் சொல்வது? குனிந்து வாங்கி, வாழையிலையில் சுற்றி, உடம்பில் படாமல் கைநீட்டித் தூக்கிக்கொண்டு வந்து நல்லம்மாளிடம் கொடுப்பார். பிறகு கிணற்றடியில் ஐந்து வாளித் தண்ணீர். அப்போதும் நேசம்மா அவரைப் பூசையறைப் பக்கம் விடவில்லை.

"ஒவ்வொரு ஞாயிறும் சோதினை எழுதப் போற பொடியன் மாதிரிப் போறீங்கள்," என்பாள். "எப்ப முடியும் உந்தச் சோதினை?"

அதுதான் அவரை அரித்தது. ஒரு மீனுக்கு ஒரு வாரம். அவ்வளவுதான் அதன் விலை. திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் ஏறும்போது மனம் லேசாக இருக்கும். புதன்கிழமை வானத்தைப் பார்க்கத் தொடங்குவார். வெள்ளிக்கிழமை சாப்பாடு இறங்காது. ஆகஸ்டு மாதம் மட்டும் அவர் பகுதியில் நான்கு கிராணிகளை ஏற்றினார்கள். அவர்களுடைய நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஹிரானோ அவரைக் கூப்பிட்டான். மேசையில் சியாம் படம். குறுக்கே சிவப்புக் கோடு. கோடு முடியப் போகிறது, அதில் வண்டி ஓட்ட அதிகாரிகள் வேண்டும், தனக்கு உத்தரவு வந்துவிட்டது என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னான். கோட்டுக்குப் பக்கத்தில் நீலமாக நெளிந்த ஆற்றில் விரலை வைத்தான்.

"பிக் ரிவர். பிக் ஃபிஷ்." சிரித்தான். "யூ கம். மை மாஸ்டர். டென் டேஸ்."

கார்த்திகேசு குனிந்து வணங்கினார். நிமிர்வதற்கு நேரம் பிடித்தது.

எந்த ஊருக்குப் போகாமல் தப்ப அந்தப் பொய்யை எழுதினாரோ, அந்த ஊருக்கே அந்தப் பொய் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறது. மாட்டேன் என்று சொன்னால் பழைய பட்டியல். வயிற்றுவலி என்று படுத்தால் ஜப்பான் டாக்டர் வந்து வயிற்றை அமுக்குவான். இடையில் ஒரே ஒரு ஞாயிறு இருந்தது.

"மீனே அம்புடாத மாதிரி செஞ்சிருவோம்யா," என்றாள் நல்லம்மாள். "பச்சக் காயப் போடுங்க."

"பிறகு கோவத்திலை லிஸ்டிலை போட்டிடுவான். மீன் அகப்படவும் வேணும், அவனுக்கு நான் தேவைப்படவும் கூடாது. அதுக்கு ஒரு இரை சொல்லும்."

இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மேற்கே மழை கட்டியிருந்தது. முதல் தூறல் விழுந்து ஓய்ந்ததும், கரை மேட்டுப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. நல்லம்மாள் பேச்சை விட்டுவிட்டுப் பானையைத் தேடி ஓடினாள். அந்தப் பஞ்ச காலத்தில் ஈசல் வந்தால் லயமே திரளும். விளக்கைக் காட்டிப் பானையில் விழவைத்து, சிறகைப் புடைத்து, வறுத்துத் தின்பார்கள். ஆற்றின் மேல் விழுந்த ஈசலைக் கொத்த பொடிமீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

கார்த்திகேசு எழுந்து நின்றார். எத்தனை தடவை தட்டச்சு அடித்த வரி! எந்தப் பூச்சி தண்ணீரில் விழுகிறதோ அதைப் போன்ற இறகைக் கட்டு. வேறெதையும் மீன் திரும்பிப் பார்க்காது. ஹிரானோவின் தகர டப்பியில் வெளிறிய இறகு கட்டிய முட்கள் இருபது இருந்தன. மூன்று மாதமாக அதில் ஒரு மீனும் படவில்லை. அது ஒன்றுதான் அவனுக்குக் குறை.

"நல்லம்மா! அவன் தன்ரை முள்ளாலை, தன்ரை கையாலை பிடிச்சால்? பிறகு மாஸ்டர் என்னத்துக்கு?"

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பானையோடு நின்றபடியே சொன்னாள்: "மேல வளைவுல நான் ஒளிஞ்சிருந்து ஈசலக் கொஞ்சங் கொஞ்சமா விடுறேன். கெலா மேல வந்து திங்கும். கீழ அவன் எறகப் போடட்டும். ஒரு நா மின்னாடியே போயி எஸ்டேட்டுல எங்க அத்த வீட்டுல தங்கிக்கிறேன். ஆனா செறகப் பொடச்சிட்டுத்தான்யா விடணும். மீனு செறகத் திங்காது."

"வேண்டாம், வேண்டாம். சிறகு இருக்க வேணும். சிறகோடை மிதந்தால்தான் அவன்ரை இறகு முள்ளோடை ஒத்துப்போகும். துரை அப்பிடித்தான் எழுதியிருக்கிறார்."

"தொர சொன்னா சரி," என்றாள் அவள், அரை மனதாக.

அந்த ஞாயிறு கோம்பாக் தெளிந்து ஓடியது. கார்த்திகேசு வேண்டுமென்றே பழுக்காத அத்திக்காயைப் போட்டார். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. உதட்டைப் பிதுக்கி, தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்பது போலக் கையை விரித்தார். "யுவர் ஃபெதர், சேர்?" என்று டப்பியைக் காட்டினார். மேலே வளைவைப் பார்க்கக் கூடாது என்று கழுத்தைப் பிடித்துவைத்திருந்தார்.

முதலில் ஒரு ஈசல் மிதந்து வந்தது. பிறகு பத்து. மடுவின் நடுவில் தண்ணீர் ஒரு முறை சொடுக்கியது. மறுபடி, இன்னும் இரண்டு இடத்தில். ஹிரானோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இறகு முள்ளை வீசினான். தண்ணீரில் அது உட்கார்ந்த மாத்திரத்தில் கெலா அதை வாங்கியது.

அவன் போட்ட சத்தத்தில் டிரைவர் ஓடி வந்தான். பெரிய மீன் இல்லை, முழங்கையளவுதான். ஆனால் ஹிரானோ பாறையில் குதித்தான். கார்த்திகேசுவின் முன்னால் அந்த இறகை ஆட்டி ஆட்டிக் காட்டினான். "ஜப்பான் ஸ்டைல்! யூ, நோ நீட்! மீ, மாஸ்டர்!"

"யெஸ் சேர். யூ மாஸ்டர். நோ நீட் மீ." கார்த்திகேசு சிரித்தார். ஜூன் மாதத்திலிருந்தோ, அதற்கும் முன்பிருந்தோ சிரிக்காத சிரிப்பு. சாயங்காலம் நேசம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட வாக்கியம் கூட்டத் தொடங்கிவிட்டார்.

ஹிரானோ மீனைக் கழுவத் தண்ணீரில் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான். அவன் கையைச் சுற்றிச் சிறகுகள். பாறை இடுக்கில் சிறகுகள். நுரையோடு நுரையாகக் கண்ணாடிச் சீவல் போல நூற்றுக்கணக்கில் மிதந்து வந்துகொண்டிருந்தன. அவன் வானத்தைப் பார்த்தான். காலை பத்து மணி, சுள்ளென்ற வெயில். காற்றில் ஒரு ஈசல் இல்லை. மலையாற்றில் வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா? மீனைக் கீழே போட்டுவிட்டு மேல் வளைவை நோக்கி நடந்தான்.

நல்லம்மாள் பாறைக்குப் பின்னால் முழங்கால் தண்ணீரில் நின்றாள். இடுப்பில் பானை. ஓடவில்லை. ஓடினால் சுடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

ஹிரானோ பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி ஈசலை அள்ளினான். விரலிடுக்கில் அவை ஊர்ந்தன. நெடுநேரம் பார்த்தான். பிறகு கார்த்திகேசுவை நோக்கித் திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை. புழுவைக் கோர்க்கத் தெரியாமல் அவர் நின்ற முதல் ஞாயிற்றுக்கிழமை பார்த்தானே, அந்தப் பார்வை.

"திஸ் திங்க்கிங். வெரி குட் திங்க்கிங். ஹூ?" பானையைக் காட்டி, அவளைக் காட்டி, அவரைக் காட்டினான். "ஷீ? யூ? ஒன் மேன், கம் சியாம்."

"என்னாய்யா கேக்குறான்?" என்றாள் நல்லம்மாள்.

கார்த்திகேசு தமிழில் சொன்னார்: "இந்த யோசனை ஆருடையது எண்டு கேக்கிறான். அந்த ஆளைச் சியாமுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறானாம்."

அவள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "நான்தான்னு சொல்லுங்க."

"நல்லம்மா..."

"சொல்லுங்கய்யா! பொய்யில்லையே. இரை பூராவும் நான் சொன்னதுதான? ஆபீசரு கூடப் போனா சோறு போடுவான். அவரு அங்கதான இருக்காரு, தேடிக் கண்டுபிடிச்சிருவேன். நீங்க அம்மாகூட வீட்டுல இருங்க. ரெண்டு பேருக்கும் நல்லதுதான?"

வழி திறந்து கிடந்தது. ஒரு சொல் போதும்: 'ஷீ'. பொய்கூட இல்லை. அவளே கேட்கிறாள். கார்த்திகேசுவின் வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகவும் ஆகிவிட்டது. ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். ஜூலையில் போன பெட்டிகள், ஆகஸ்டில் போன பெட்டிகள், அவர் கையால் அடித்த எண்கள், திரும்பி வந்த காலிப் பெட்டிகளைக் கழுவச் சுண்ணாம்பு கேட்டு வந்த கடிதங்கள். அந்த எண்களில் பக்கிரிசாமி எங்கே இருக்கிறான் என்று எவனுக்கும் தெரியாது. மூன்று மாதமாக அவள் கேட்டபோதெல்லாம், 'இன்னும் வரேல்லை, வந்தால் சொல்லுறன்' என்று சொல்லி மீனுக்கு இரை வாங்கிக்கொண்டு போனவர் அவர்.

"மீ, சேர்," என்றார். "மை திங்க்கிங். ஷீ, ஒன்லி கூலி. கேரி பாட்."

ஹிரானோ அவர் தோளில் தட்டினான். அறைந்திருந்தால் தாங்கியிருப்பார். "மாஸ்டர்!" என்றான், மனம் நிறைந்து. மீனை எடுக்கத் திரும்பிப் போனான்.

"என்னா சொன்னீங்க?"

அவர் சொன்னார்.

நல்லம்மாள் பானையை ஆற்றில் கவிழ்த்தாள். மிச்ச ஈசலெல்லாம் ஒரே பரப்பாகப் போயிற்று. "உங்கள யாருய்யா கேட்டா? எனக்குப் போக இருந்த ஒரே வழிய நீங்க எடுத்துக்கிட்டீங்க. கூலின்னு வேற சொன்னீங்களாக்கும்."

"அங்கை போனால் திரும்பி வரமாட்டீர், நல்லம்மா. எனக்குத் தெரியும். கணக்கு நான்தான் அடிக்கிறனான்."

"தெரியுமா? எத்தன மாசமாத் தெரியும்?"

அவள் அவரைப் பார்க்காமல் காட்டுப் பாதையில் ஏறிப் போய்விட்டாள். அதன் பிறகு நாலு நாள் ஆற்றங்கரையில் அவளைக் காணவில்லை.

வியாழக்கிழமை காலை, கோலாலம்பூர் ஸ்டேஷன். வடக்கு வண்டியில் அதிகாரிகளுக்கு முன்னால் ஒரு பெட்டி. பின்னால் சாமான் பெட்டிகளில் ஆட்கள். கார்த்திகேசு முன் பெட்டியின் வாசலில், ஹிரானோவின் மூங்கில் கோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். நேசம்மா விபூதிச் சம்புடத்தையும் இடித்த கொத்தமல்லிப் பொடியையும் கொடுத்தாள். அழவில்லை. "காய்ச்சின தண்ணி குடியுங்கோ. அவன் என்ன திட்டினாலும் குனிஞ்சு கொண்டு நில்லுங்கோ, வாயைத் திறக்காதேங்கோ," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மணி அடித்த பிறகுதான் நல்லம்மாள் வந்தாள். தண்டவாளப் பக்கமாக, புல் பிடுங்கும் கையோடு, நடைமேடைக்குக் கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தாள். மன்னிப்பும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை.

"கேளுங்க," என்றாள். "அவருக்கு எடது கையி சுண்டு வெரலு மடங்காது, நீட்டிக்கிட்டேதான் இருக்கும். கட்டக் கடைசியிலதான் சோத்துத் தட்டுக்கு வருவாரு, சண்ட போட்டு வாங்கத் தெரியாது, அதனால முன்னால தேடாதீங்க. தாடி வளந்திருக்கும். பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஒடனே திரும்ப மாட்டாரு. வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சுக்குவாரு. ரெண்டு தடவ கூப்பிடணும்."

"ரெண்டு தரம்," என்றார் கார்த்திகேசு.

வண்டி இழுத்தது. அவள் கூடவே நடந்தாள். இன்னும் என்னவோ சொன்னாள், காலைப் பற்றியோ, ஒரு பச்சை குத்தியதைப் பற்றியோ. சக்கரச் சத்தத்தில் பாதிதான் விழுந்தது. அவர் கம்பியைப் பிடித்துக் குனிந்து காதைக் கொடுத்தார். வலது தோளா, இடது தோளா என்று கத்திக் கேட்டார். அவள் தன் தோள் ஒன்றைத் தட்டிக் காட்டினாள். அதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது.